இணைப்பு அறுந்தாலும் வேலை அறாமல்: லினக்ஸ் சேர்வரில் ரிமோட் டெஸ்க்டொப் திறந்து வைப்பவர்களுக்கு

திருகோணமலையில் இருந்துகொண்டு சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ உள்ள லினக்ஸ் சேர்வரில் வேலை செய்கிற பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். கோணேசபுரி வளாகத்து மாணவர்கள் புரொஜெக்ட்டுக்காக மாத வாடகைக்கு ஒன்றை எடுக்கிறார்கள். உவர்மலையில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நிலாவெளி விடுதிகளுக்கு இணையத்தளம் கட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களிடமிருந்து எனக்கு வருகிற முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, லைன் போய் வந்து பார்த்தா ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் போயிட்டுது."

லைன் போகத்தான் செய்யும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று பிடித்துக்கொண்டால் கரண்ட் எந்த நேரம் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சீசன் மாதங்களில் உப்புவெளிப் பக்கத்துக் கடைகளில் வைஃபை வெள்ளைக்காரர்களின் வீடியோ அழைப்புகளோடு மல்லுக்கட்டும். கொழும்பு பஸ்ஸில் ஏறிப் போனில் ஹொட்ஸ்பொட் போட்டால், கந்தளாயைத் தாண்டி ஹபரணைக் காட்டுக்குள் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஆகவே லைன் போகாமலிருக்க வழி தேடி நாளைக் கழிக்காதீர்கள். நீங்கள் திறந்து வைத்திருக்கும் வேலை எந்தப் பக்கத்தில் இருக்கிறது, உங்கள் லப்டொப்பிலா, சேர்வரிலா என்று பாருங்கள். சேர்வர் பக்கம் இருந்தால் லைன் பத்துத் தரம் போனாலும் கவலையில்லை. லப்டொப் பக்கம் இருந்தால் ஒரு தரம் போனாலே முடிந்தது.

தொடங்கு முன் ஒன்று. கட்டளைகளை, போனில் ஒருவருக்கு வாசித்துச் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்துகளில் தட்டுங்கள். உச்சரிப்பில் குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன். டி, பி போல இரண்டு விதமாக வாசிக்கக்கூடிய எழுத்துகளுக்கு ஆங்கில எழுத்தையும் அடைப்புக்குள் தந்திருக்கிறேன். கோடு என்றால் கழித்தல் குறி (-). உபுண்டு அல்லது டெபியன் சேர்வர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஏன் எல்லாம் சேர்ந்து சாகிறது?

எஸ்எஸ்எச் (தூரத்துச் சேர்வரில் கட்டளை தட்டுவதற்குப் பாதுகாப்பாக இணையும் வழி) வழியாக உள்ளே போகும்போது சேர்வர் உங்களுக்கென்று ஒரு போலி டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் திரையை, திறக்கிறது. நீங்கள் ஓடவிடும் ஒவ்வொன்றும் அதன் கீழேதான் ஓடும். இணைப்பு அறுந்தது என்று சேர்வருக்குத் தெரிந்ததும் அந்தப் போலி டெர்மினல் மூடப்படும். உடனே லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல், நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓடவிடுகிற ஷெல்லுக்கு 'ஹேங்அப்' என்ற சிக்னலை அனுப்பும். தொலைபேசி மோடம் காலத்தில் மறுமுனை ரிசீவரை வைத்துவிட்டதைச் சொன்ன சிக்னல் அது. ஷெல் அதைத் தன் கீழுள்ள வேலைகளுக்குக் கடத்தும். அதை எப்படிக் கையாள்வது என்று தெரியாத நிரல்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஜன்னல் உள்ள நிரல்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. லினக்ஸில் திரையில் வரையும் வேலையை நீண்ட காலமாகச் செய்துவருவது எக்ஸ் சேர்வர் என்ற நிரல். எஸ்எஸ்எச்சோடு கோடு போட்டுப் பெரிய எக்ஸ் சேர்த்து, சேர்வரிலுள்ள நிரலின் ஜன்னலை உங்கள் லப்டொப்பில் திறக்கலாம் என்று பல பாடங்களில் இருக்கும். அப்படிச் செய்யும்போது நிரல் அங்கே ஓடுகிறது, ஆனால் அதை வரைகிற எக்ஸ் சேர்வர் இங்கே உங்கள் மேசையில் இருக்கிறது. லைன் போனால் நிரலுக்கு வரைய இடமில்லை, அதுவும் போய்விடும். அவசரத்துக்கு ஒரு நிமிடம் எதையாவது திறந்து பார்க்க இது போதும். நீண்ட வேலைக்கு இதை நம்பவே கூடாது.

எனவே நமக்கு வேண்டியது, திரையே சேர்வரில் இருக்கிற ஏற்பாடு. லப்டொப் அதை எட்டிப் பார்க்க மட்டும் வேண்டும்.

டெஸ்க்டொப் உண்மையிலேயே வேண்டுமா?

"ரிமோட் டெஸ்க்டொப் போட்டுத் தாங்கோ" என்று கேட்டு வருபவர்களில் பாதிப்பேருக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம். பைதன் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும், பெரிய பைல் இறங்க வேண்டும், டேட்டாபேஸ் பிரதி எடுக்க வேண்டும் என்றால் அதற்கு, இணைப்பு அறுந்தாலும் டெர்மினலைச் சேர்வரில் உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் என்ற நிரல் போதும். டி, எம், யூ, எக்ஸ் (tmux) என்று நான்கு எழுத்து. சின்னச் சேர்வரில் மெமரியும் மிஞ்சும், நம் டேட்டாவும் மிஞ்சும்.

போடுவது இப்படி: சூடோ ஏபிடி இன்ஸ்டோல் டிமக்ஸ் (சூடோ நிர்வாகி உரிமையோடு ஓடவிட, ஏபிடி பொதிகளைப் போட). பிறகு டிமக்ஸ் நியூ, இடைவெளி, கோடு, எஸ், இடைவெளி, உங்களுக்குப் பிடித்த ஒரு பெயர். திரையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை வரும். அது இருந்தால் நீங்கள் டிமக்ஸுக்குள் இருக்கிறீர்கள். வேலையைத் தொடங்குங்கள். வெளியே வரக் கன்ட்ரோலும் பி-யும் (b) சேர்த்து அழுத்திக் கையை எடுத்துவிட்டு, டி (d) மட்டும் அழுத்துங்கள். வேலை அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். லைன் தானாக அறுந்தாலும் விளைவு இதேதான். திரும்பி வந்ததும் டிமக்ஸ் அட்டாச், இடைவெளி, கோடு, டி (t), இடைவெளி, அந்தப் பெயர். பெயர் மறந்தால் டிமக்ஸ் எல்எஸ் பட்டியலைக் காட்டும்.

பழைய சேர்வர்களில் டிமக்ஸ் இல்லாமல் ஸ்க்ரீன் என்ற நிரல் இருக்கும். 1987 இலிருந்து வழக்கத்தில் உள்ளது. இன்றும் குறையில்லாமல் ஓடும். அதில் கன்ட்ரோலும் ஏ-யும், பிறகு டி (d). திரும்பி வர ஸ்க்ரீன் கோடு ஆர்.

பஸ்ஸிலும் ரயிலிலும் வேலை செய்பவர்கள் எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக மொஷ் என்பதையும் போட்டுப் பார்க்கலாம். ரவுட்டரிலிருந்து ஹொட்ஸ்பொட்டுக்கு மாறி உங்கள் ஐபி முகவரியே மாறினாலும் அது விட்ட இடத்திலிருந்து தொடரும். சேர்வரின் ஃபயர்வோலில் (எந்த இணைப்பை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் காவல்) யுடிபி 60000 முதல் 61000 வரையுள்ள போர்ட்டுகளை, அதாவது இலக்கமிட்ட வாசல்களை, திறக்க வேண்டும். மேலே உருட்டிப் பழைய வரிகளைப் பார்க்க மொஷ்ஷால் முடியாது, ஆகவே அதற்குள்ளும் டிமக்ஸ் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். மொஷ் ஜன்னல்களைக் கொண்டுவராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜன்னல் உள்ள வேலை என்றால், கியூஜிஐஎஸ்ஸில் வரைபடம் கீறுவது, சேர்வரில் பிரௌசர் திறந்து வைத்திருப்பது, வரைகலை மென்பொருளில் ரெண்டர் போடுவது போன்றவை என்றால், கீழே வாருங்கள்.

எக்ஸ்ஆர்டிபி: புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி

ஆர்டிபி என்பது விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப் முறை. அதே முறையில் லினக்ஸ் சேர்வரின் டெஸ்க்டொப்பைத் திறக்க விடுவது எக்ஸ்ஆர்டிபி. இதைத் தேர்வதற்குக் காரணம் எளிது. விண்டோஸ் லப்டொப்பில் ரிமோட் டெஸ்க்டொப் கனெக்ஷன் என்ற நிரல் ஏற்கெனவே இருக்கிறது. போனுக்கும் ஆர்டிபி செயலிகள் உண்டு. சேர்வரில் மட்டும் பொதிகளைப் போட்டால் போதும்.

முதலாவது, ஒரு இலேசான டெஸ்க்டொப்பும் எக்ஸ்ஆர்டிபியும். எஸ்எஸ்எச்சில் உள்ளே போய், சூடோ ஏபிடி அப்டேட் கொடுத்துவிட்டு, சூடோ ஏபிடி இன்ஸ்டோல் எக்ஸ்எஃப்சிஇ4 எக்ஸ்ஆர்டிபி. எக்ஸ்எஃப்சிஇ என்பது எக்ஸ், எஃப், சி, இ. அதோடு ஒட்டி 4 என்ற இலக்கம். எக்ஸ்ஆர்டிபி என்பது எக்ஸ், ஆர், டி, பி (xrdp). க்னோம் டெஸ்க்டொப்பைப் போடாதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் ஒன்றிரண்டு ஜிபி மெமரியுள்ள வாடகைச் சேர்வர் அதைத் தாங்காது. அதோடு எக்ஸ்ஆர்டிபியோடு அதற்குத் தனித் தகராறுகள் உண்டு.

இரண்டாவது, உள்ளே போனதும் எந்த டெஸ்க்டொப் திறக்க வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் ஹோம் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் எக்ஸ்செஷன் என்ற பெயரில் ஒரு பைல் உருவாக்கி, உள்ளே ஒரேயொரு வரி எழுதுங்கள்: எக்ஸ்எஃப்சிஇ4, கோடு, செஷன். இந்தப் பைல் இல்லாமல் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நிறையப்பேர்.

மூன்றாவது, பாஸ்வேர்ட். இது பலர் அகப்படுகிற இடம். வாடகைச் சேர்வர் பலவற்றில் உங்கள் யூசர் கணக்குக்குப் பாஸ்வேர்ட்டே இருக்காது, எஸ்எஸ்எச் சாவிப் பைல் மட்டும் இருக்கும். எக்ஸ்ஆர்டிபிக்குச் சாவி புரியாது, பாஸ்வேர்ட்தான் கேட்கும். சூடோ பாஸ்டபிள்யூடி, இடைவெளி, உங்கள் யூசர் பெயர் என்று கொடுத்து நீளமான ஒன்றை வையுங்கள். பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி (passwd). எஸ்எஸ்எச் தொடர்ந்தும் சாவியோடு மட்டும் இருக்கட்டும்.

நான்காவது, கதவு. எக்ஸ்ஆர்டிபி 3389 என்ற போர்ட்டில் காத்திருக்கும். அதை உலகத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். அந்தப் போர்ட்டைத் தட்டிப் பாஸ்வேர்ட் ஊகிக்கும் இயந்திரங்கள் இரவுபகலாக இணையத்தில் அலைகின்றன. யுஎஃப்டபிள்யூ என்பது சேர்வரின் ஃபயர்வோலை அமைக்கும் கட்டளை. சூடோ யுஎஃப்டபிள்யூ அலோ ஓபன்எஸ்எஸ்எச் என்று முதலில் கொடுங்கள். அதில் ஓ-வும் எஸ்எஸ்எச்சும் பெரிய எழுத்து. அதன் பிறகுதான் சூடோ யுஎஃப்டபிள்யூ எனேபிள். இந்த வரிசையை மாற்றினால் நீங்களே வெளியில் பூட்டப்படுவீர்கள். சேர்வர் வாடகைக்குத் தருபவரின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலும் ஒரு ஃபயர்வோல் இருக்கலாம், அதிலும் 3389 திறந்திருக்கக் கூடாது.

அப்படியென்றால் நாம் எப்படிப் போவது? எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக, அதாவது எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளேயே ரிமோட் டெஸ்க்டொப் இணைப்பையும் கொண்டுபோய். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எஸ்எஸ்எச் உள்ளேயே வருகிறது. கமாண்ட் ப்ரொம்ப்ட்டைத் திறந்து எஸ்எஸ்எச், இடைவெளி, கோடு, பெரிய எல், இடைவெளி, 3390:லோக்கல்ஹோஸ்ட்:3389, இடைவெளி, யூசர் பெயர், அட் குறி, சேர்வர் முகவரி. அந்த ஜன்னலைத் திறந்தே விட்டுவிட்டு, ரிமோட் டெஸ்க்டொப் கனெக்ஷனில் லோக்கல்ஹோஸ்ட்:3390 என்று கொடுங்கள். இந்தப் பக்கத்தில் 3390 போடுவதற்குக் காரணம், விண்டோஸ் தானே 3389 ஐ வைத்திருக்கக்கூடும்.

நீலத் திரையில் ஒரு லொகின் பெட்டி வரும். அதில் செஷன் என்ற இடத்தில் எக்ஸோர்க் என்பதைத் தேர்ந்து, யூசர் பெயர், பாஸ்வேர்ட் கொடுங்கள். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டொப் திறந்தால் அமைப்பு முடிந்தது.

ஜன்னலை மூடுவது வேறு, லொக்அவுட் வேறு

எக்ஸ்ஆர்டிபியில் செஷனை, அதாவது சேர்வரில் திறந்திருக்கும் உங்கள் டெஸ்க்டொப்பை, வைத்திருக்கத் தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை. இயல்பாகவே அது துண்டிக்கப்பட்ட செஷனைக் கொல்லாது. பார்த்து உறுதிசெய்ய வேண்டுமானால் ஈடிசி கோப்புறையில் எக்ஸ்ஆர்டிபிக்குள் செஸ்மேன் என்ற ஐஎன்ஐ பைலைத் திறவுங்கள். எஸ், இ, எஸ், எம், ஏ, என், புள்ளி, ஐ, என், ஐ. அதில் கில்டிஸ்கனெக்டட் என்ற வரி ஃபோல்ஸ் என்று இருக்க வேண்டும். டிஸ்கனெக்டட்டைம்லிமிட், ஐடில்டைம்லிமிட் இரண்டும் 0 என்று இருக்க வேண்டும். வேறு யாராவது அமைத்துக் கொடுத்த சேர்வரில் இவை மாறியிருக்கலாம். மாற்றினால் அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும், அப்படிச் செய்யும்போது ஓடிக்கொண்டிருக்கும் செஷன்கள் தொலையக்கூடும். வேலை தொடங்கு முன்னரே செய்துவிடுங்கள்.

எப்படி வெளியேறுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ரிமோட் டெஸ்க்டொப் ஜன்னலின் மேல் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் துண்டிப்பு மட்டும் நடக்கிறது. சேர்வரிலுள்ள டெஸ்க்டொப் அப்படியே இருக்கும். எக்ஸ்எஃப்சிஇ மெனுவுக்குப் போய் லொக்அவுட் கொடுத்தால் டெஸ்க்டொப்பும் அதற்குள் திறந்திருந்த எல்லாமும் மூடப்படும். கடைக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவதற்கும் கடையையே கலைத்துவிட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசம். ஒழுங்கான பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள்: மரியாதையாக லொக்அவுட் பண்ணிவிட்டுப் போய், காலையில் வந்து தேடுவார்கள்.

காணாமல் போகாத செஷன் காணாமல் போவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிண்ணியாவில் இருந்து கியூஜிஐஎஸ்ஸில் வேலை செய்கிற தங்கச்சி ஒருவர் பகலில் லப்டொப்பில் வரைபடத்தைத் திறந்து வைத்துவிட்டு, இரவில் போனிலுள்ள ஆர்டிபி செயலியால் எட்டிப் பார்த்தார். அதே யூசர், அதே பாஸ்வேர்ட். திறந்தது வெறும் டெஸ்க்டொப், வரைபடத்தைக் காணவில்லை. "அண்ணா, சேவ் பண்ணவும் இல்ல, எல்லாம் அழிஞ்சிட்டுது" என்று அழாக்குறை.

"ஒண்டும் அழியேல்ல. போன் செயலியில கலர் எத்தனை பிட் எண்டு இருக்கு, பாருங்கோ" என்றேன்.

பதினாறு. லப்டொப்பில் முப்பத்திரண்டு. எக்ஸ்ஆர்டிபி பழைய செஷனை அடையாளம் காண்பது யூசர் பெயரை மட்டும் வைத்து இல்லை. நிற ஆழத்தையும், அதாவது அந்தக் கலர் பிட் எண்ணிக்கையையும், சேர்த்துப் பார்க்கிறது. நிற ஆழம் மாறினால் "இது வேறு ஆள்" என்பதுபோல அது புதிதாக ஒரு டெஸ்க்டொப்பைத் திறந்து கொடுக்கும். பழையது பின்னால் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். போனில் 32 என்று மாற்றி மறுபடி உள்ளே போனதும் வரைபடம் விட்ட இடத்தில் நின்றது.

லொகின் பெட்டியில் எக்ஸோர்க்குக்குப் பதிலாக எக்ஸ்விஎன்சி என்பதைத் தேர்ந்தவர்களுக்கு, பதிப்பைப் பொறுத்து, திரையின் அளவும் சேர்ந்து பொருந்த வேண்டியிருக்கலாம். போனின் திரையும் லப்டொப்பின் திரையும் எப்படிப் பொருந்தும்? ஆகவே எப்போதும் எக்ஸோர்க், எல்லாக் கருவியிலும் ஒரே நிற ஆழம். டேட்டா மிச்சம் பிடிக்க 16 வேண்டுமென்றால் எல்லாவற்றிலும் 16 வையுங்கள். மூவாயிரம் பக்க விளக்கங்களை விட இந்த ஒரு வழக்கம் உங்களுக்கு அதிகம் உதவும்.

வளாகத்து ஆய்வுகூடம், அலுவலகம் போன்ற இடங்களில் மேசையில் இருக்கிற லினக்ஸ் கணினியோடு இப்படி இணைவதென்றால் இரண்டு விஷயம் கூடுதலாகப் பார்க்க வேண்டும். அந்தக் கணினியின் முன்னால் நேரில் இருந்து லொகின் செய்த அதே யூசராக எக்ஸ்ஆர்டிபியிலும் போனால் இரண்டு டெஸ்க்டொப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கறுத்த திரை வரலாம். வீட்டுக்குப் புறப்படும்போது நேர் திரையில் லொக்அவுட் செய்துவிடுங்கள். மற்றது, கணினி தூங்கப் போகாமல் பார்ப்பது. தூங்கினால் செஷன் சாகாது, ஆனால் நீங்கள் எட்டவும் முடியாது, உள்ளே வேலை ஓடவும் ஓடாது. சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் ஸ்லீப்.டார்கெட் சஸ்பென்ட்.டார்கெட் ஹைபர்னேட்.டார்கெட் ஹைபிரிட்-ஸ்லீப்.டார்கெட் என்று ஒரே வரியில் கொடுத்தால் அதற்குத் தூக்கமே வராது. யுபிஎஸ் இல்லாமல் கரண்ட் போனால் இதில் எந்த வித்தையும் உதவாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

விஎன்சி

தூரத்துக் கணினியின் திரையைப் பார்க்க இன்னொரு வழி விஎன்சி. 1990களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடமொன்றிலிருந்து வெளிவந்தது. இதில் இரண்டு சாதி உண்டு என்பதை அறியாமல்தான் குழப்பம் வருகிறது. ஒன்று, கணினியின் உண்மையான திரையைப் பிரதிபலிப்பது; எக்ஸ்11விஎன்சி அப்படி. மற்றது, கண்ணுக்குத் தெரியாத ஒரு திரையைத் தானே உருவாக்கி வைத்திருப்பது, டைகர்விஎன்சி அப்படி. மொனிட்டர் இல்லாத வாடகைச் சேர்வருக்கு வேண்டியது இரண்டாவது. பார்ப்பவர் வந்தாலும் போனாலும் அந்தத் திரை தன்பாட்டில் இருக்கும். நிற ஆழப் பிரச்சினையும் இல்லை, ஏனென்றால் நீங்கள் எப்போதும் இலக்கமிட்ட ஒரே திரைக்குத்தான் போகிறீர்கள்.

விஎன்சிசேர்வர், இடைவெளி, கோடு, லோக்கல்ஹோஸ்ட், இடைவெளி, யெஸ், இடைவெளி, :1 என்று கொடுத்தால் முதலாம் இலக்கத் திரை பிறக்கும். முதல் தடவை ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். எவ்வளவு நீளமாகக் கொடுத்தாலும் முதல் எட்டு எழுத்துகள்தான் கணக்கில் எடுக்கப்படும். அந்தப் பாஸ்வேர்ட்டை நம்பி வெளியில் திறக்க முடியாது என்பதற்கு இதுவே போதும். ஆகவே இங்கேயும் சுரங்கம்தான்: முன்னர் சொன்ன அதே வரியில் இரு பக்கமும் 5901 போடுங்கள். முதலாம் திரைக்கு 5901, இரண்டாம் திரைக்கு 5902 என்று போகும்.

மெதுவான லைனில் படம் இழுபடுகிறதென்றால் எக்ஸ்டுகோவைப் பார்க்கலாம். அது எஸ்எஸ்எச்சுக்கு மேலேயே ஓடுவதால் தனிச் சுரங்கம் தேவையில்லை. செஷனை இடைநிறுத்தி, வேறொரு கணினியிலிருந்து தொடரும் வசதி அதன் அடிப்படையிலேயே இருக்கிறது. லப்டொப்பில் அதற்கான நிரலைத் தனியாகப் போட வேண்டும். டெஸ்க்டொப், எக்ஸ்எஃப்சிஇ அல்லது 'மாட்டே' என்ற இன்னொரு வகையாக இருப்பது நல்லது. முழு டெஸ்க்டொப் வேண்டாம், ஒரேயொரு ஜன்னல் போதும் என்பவர்களுக்கு எக்ஸ்ப்ரா இருக்கிறது. ஜன்னல் நிரல்களுக்கு டிமக்ஸ் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை ஒப்படைக்கு முன் சோதித்துப் பாருங்கள்

அமைத்த அன்றைக்கே சோதிக்க வேண்டும். டெஸ்க்டொப்புக்குள் ஒரு டெர்மினலைத் திறந்து பிங் லோக்கல்ஹோஸ்ட் என்று ஓடவிடுங்கள். ஒவ்வொரு செக்கனும் ஒரு வரி வரும், வரிக்கு ஒரு தொடரிலக்கம் ஏறும். இப்போது பெருக்கல் குறியை அழுத்தாமல் லப்டொப்பின் வைஃபையையே நிறுத்துங்கள். நிஜத்தில் லைன் அப்படித்தானே போகும். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து வைஃபையைப் போட்டு, சுரங்கத்தையும் மறுபடி திறந்து, உள்ளே போங்கள். தொடரிலக்கம் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்து, இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் செஷன் உயிரோடு இருந்திருக்கிறது. வெறும் டெஸ்க்டொப்பைக் கண்டால் மேலே போய் நிற ஆழத்தைப் பாருங்கள்.

திரை பூட்டப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம், எக்ஸ்எஃப்சிஇயின் ஸ்க்ரீன்சேவர் பூட்டியிருக்கும். சேர்வரில் ஸ்க்ரீன்சேவருக்கு என்ன வேலை? அமைப்புகளில் போய் நிறுத்திவிடுங்கள்.

சும்மா இருக்கும்போது மட்டும் இணைப்பு அறுகிறதென்றால் அது வேறு கதை. ஒன்றும் போகாமல் வராமல் இருக்கும் இணைப்பை இடையிலுள்ள ரவுட்டரோ போன் கம்பெனியின் வலையமைப்போ மறந்துவிடுகிறது. லப்டொப்பில் உங்கள் ஹோம் கோப்புறைக்குள் .எஸ்எஸ்எச் கோப்புறையில் கொன்ஃபிக் என்ற பைலை உருவாக்கி, சேர்வர்அலைவ்இன்டர்வல் 60 என்று ஒரு வரி எழுதுங்கள். நிமிடத்துக்கு ஒரு தரம் "இருக்கிறாயா" என்று கேட்டுக்கொண்டிருக்கும். கரண்ட் வெட்டுக்கு இது மருந்தில்லை, மறதிக்கு மட்டும்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் செஷன் போய்விட்டதா?

முதலில் அப்டைம் என்று தட்டுங்கள். யு, பி, டி, ஐ, எம், இ (uptime). சேர்வர் எழும்பி எவ்வளவு நேரம் என்று சொல்லும். இரண்டு மணித்தியாலம் என்று வந்தால் சேர்வரே மறுபடி தொடங்கியிருக்கிறது, எந்தச் செஷனும் அதைத் தாண்டி வராது.

அப்டைம் நீளமாக இருந்தால் அடுத்த சந்தேகம் மெமரி. சூடோ ஜேர்னல்சிடிஎல், இடைவெளி, கோடு, கே என்று கொடுத்து, 'அவுட் ஒஃப் மெமரி' என்ற சொல்லைத் தேடுங்கள். மெமரி முட்டினால் கேர்னல் பெரிதாகச் சாப்பிடுகிற நிரலைத் தேர்ந்து கொன்றுவிடும். பெரும்பாலும் அது பிரௌசராக இருக்கும். சில நேரம் டெஸ்க்டொப்பாகவே இருந்துவிடும். ஒரு ஜிபி சேர்வரில் பிரௌசரில் பத்துத் தாவல் திறந்துவிட்டு எக்ஸ்ஆர்டிபியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மெமரி போதாதபோது டிஸ்கில் இடம் கொடுக்கும் ஸ்வொப் பைல் ஒன்று போடுங்கள், அல்லது இரண்டு ஜிபிக்கு மாறுங்கள்.

மூன்றாவது சந்தேகம், லினக்ஸில் சேவைகளையும் லொகின்களையும் நிர்வகிக்கும் சிஸ்டம்டி. 2016 இல் அதன் 230 ஆம் பதிப்பு, ஒருவர் வெளியேறியதும் அவருடைய எல்லா நிரல்களையும் கொல்வதை இயல்பாக்கியது. டிமக்ஸ், ஸ்க்ரீன் பாவிப்பவர்களிடையே பெரிய சச்சரவு. உபுண்டுவும் டெபியனும் அதை நிறுத்தித்தான் தருகின்றன. வேறு வகை லினக்ஸ் பாவிப்பவர்கள் ஈடிசி, சிஸ்டம்டி கோப்புறையிலுள்ள லொகின்ட் கொன்ஃப் பைலில் கில்யூசர்ப்ரொசெஸஸ் என்ற வரி நோ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறான பிரச்சினையும் உண்டு: சாகாத செஷன்கள். போனில் ஒன்று, லப்டொப்பில் ஒன்று, நிற ஆழம் மாறித் திறந்த மூன்றாவது ஒன்று என்று பின்னால் குவிந்து மெமரியைத் தின்னும். பிஎஸ், இடைவெளி, கோடு, யு, இடைவெளி, உங்கள் யூசர் பெயர் என்று கொடுத்தால் உங்கள் பெயரில் ஓடுபவை எல்லாம் வரும். பட்டியலில் எக்ஸ்எஃப்சிஇ4-செஷன் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் அதே நிற ஆழத்தில் போய் ஒழுங்காக லொக்அவுட் செய்யுங்கள். லொக்அவுட்டுக்கு இடம் இதுதான். வேலை முழுவதும் முடிந்து சேர்வரே இனி வேண்டாம் என்றால், பைல்களை இறக்கிக்கொண்டு வாடகைக்குத் தருபவரின் பக்கத்திலிருந்து அதை அழித்துவிடுங்கள். பல இடங்களில் சேர்வரை நிறுத்தி வைத்தாலும் மாதக் கட்டணம் ஏறிக்கொண்டுதான் இருக்கும், அதுவும் டொலரில்.